வாழைக்குற்றியை வீணாக்க வேண்டாம்

யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கத் தோட்டங்களில் குலை வெட்டிய பிறகு வாழைக்குற்றியை வரம்போரம் போட்டு விடுகிறார்கள், கொஞ்சம் மாட்டுக்குப் போகும், கொஞ்சம் பசளையாகும், மிச்சம் அழுகும். ஒரு வாழை ஒருமுறைதான் குலை போடும் என்பதால் இந்தக் கழிவு ஓயவே ஓயாது. அந்த மடல்களின் நாரில் பாதிக்கு மேல் செலுலோசு! 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென் தாவரங்களில் இருந்து பிரித்துக் காட்டிய பொருள், பருத்தியிலும் கடதாசியிலும் இருப்பதும் அதுதான்.

மடலைச் சுரண்டி நாரெடுத்து, ஐதான கோஸ்டிக் சோடாக் கரைசலில் அவித்தால் நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் பெரும்பாலும் கரைந்து விடும், அப்புறம் நன்றாகக் கழுவி, ஐதரசன் பெரொக்சைட்டில் வெளுக்க வைத்து, அடித்துக் கூழாக்கி, சல்லடையில் பரப்பிக் காயவிட்டால் கடதாசி. செலுலோசைக் கண்ணுக்குத் தெரியாத நனோ அளவுப் பளிங்குகளாகவும் பிரிக்கலாம்தான், ஆனால் அதற்குக் கந்தக அமிலமும் ஆய்வுகூடமும் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அந்த அவித்த கறுப்புத் தண்ணீர். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம், வெளியே ஊற்றுவது சுலபமாகக் கிணற்று நீரில் கலந்து விடும். ஆகவே இங்கே யாராவது தொடங்குவதானால், அதைச் சுத்திகரிக்கும் தொட்டியை முதலில் கட்டுங்கள், அடுப்பை அப்புறம் மூட்டலாம்.