இரவு பத்து மணிக்குத் தார்ப்பாயை விலக்குகிறவர்கள்

யுரேகாவில் காலை எட்டு மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். தெற்கே 110 கிலோமீட்டர் தள்ளி கார்பர்வில்லில் இறங்கியபோது ஸ்வெட்டர் பின் இருக்கையில் கிடந்தது, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஜூலை மாதத்திலும் யுரேகாவில் வெப்பம் 18 டிகிரியைத் தாண்டினால் அது பேச்சாகிவிடும். ஒரு மலை வரிசையைக் கடந்து உள்ளே வந்தால் அதே நாளில் 36. கலிபோர்னியாவின் வடமேற்கில் இருக்கும் ஹம்போல்ட் மாவட்டத்துக்கு ஒரே நாளில் இரண்டு பருவங்கள்.

வழியில் 101 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ‘அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ என்ற பழைய சாலையில் வந்தேன். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ஈல் ஆற்றை ஒட்டி ரெட்வுட் மரங்கள். கோடையில் இங்கே மழை கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனியை இலைகளில் பிடித்து, சொட்டாக்கி, தங்கள் வேருக்குத் தாங்களே நீர் பாய்ச்சிக்கொள்ளும் மரங்கள் இவை. அதைப் பார்த்து வியந்துகொண்டு வந்தேன். அன்று இரவே அதே மூடுபனியைத் திட்டுகிறவர்களோடு உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று தெரியாது.

என் கல்லூரி நண்பன் இங்கே பண்ணைகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் அமைத்துக் கொடுக்கிறான். அவன் வேலை செய்யும் ஒரு கஞ்சாப் பண்ணையைப் பார்க்கத்தான் வந்தேன். உரிமம் பெற்ற பண்ணை. கலிபோர்னியாவில் 2016 நவம்பர் வாக்கெடுப்பில் 21 வயது நிறைந்தவர்களுக்கு இது சட்டபூர்வமானது. கடை விற்பனை 2018 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. “குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது அந்தச் சட்டத்தைத்தான். நீ வெளிநாட்டுக்காரன். செடியைத் தொடாதே, யாருக்கும் கை கொடுத்து உதவாதே, கண்ணால் பார்த்துவிட்டு வா” என்று நண்பன் மூன்று முறை சொல்லியிருந்தான். ஆக, நான் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்ற விருந்தாளி.

பண்ணைக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் பாலித்தீன் விரிப்பு, அதுதான் குடில். ஆறு மீட்டர் அகலம், முப்பது மீட்டர் நீளம். இதைவிட நீளமாகக் கட்டினால் நடுவில் இருக்கும் செடிகளுக்குக் காற்று போய்ச் சேராது என்றார். பக்கவாட்டு விரிப்புகளைக் கைப்பிடியால் சுற்றி இடுப்பளவுக்கு உயர்த்தியிருந்தார்கள். இரண்டு முனைகளிலும் வாசலுக்கு மேலே முக்கோணமாகத் திறப்பு. குளிர்ந்த காற்று கீழே நுழைய, சூடானது மேலே வெளியேறும். கடல் காற்று பிற்பகலில் பள்ளத்தாக்கு வழியாக மேலேறி வருமாம். அது பக்கவாட்டில் மோதும்படி குடிலின் திசையை அமைத்திருக்கிறார்கள்.

நிழல்வலையைக் குடிலுக்கு வெளியே, விரிப்புக்கு ஒரு சாண் மேலே கட்டியிருந்தது என் கண்ணில் பட்டது. உள்ளே கட்டினால் வேலை எளிதாயிற்றே என்றேன். “உள்ளே கட்டினால் வெயில் உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறோம். கறுப்பு வலை சூடாகி, அந்தச் சூட்டையும் குடிலுக்குள்ளேதான் விடும்” என்றார். வெளியே 36 டிகிரி, உள்ளே செடியின் தலைமட்டத்தில் 34. வெப்பமானியை நிழலில், இலைகளின் உயரத்தில் தொங்கவிட்டிருந்தார். வாசலருகே தொங்கும் வெப்பமானி வாசலின் வெப்பத்தைத்தான் சொல்லும் என்பது அவர் கட்சி. 30 டிகிரி வரை இந்தச் செடிக்குக் கொண்டாட்டம், அதைத் தாண்டினால் இலை ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும் என்று ஒரு வரிசையைக் காட்டினார். படகுபோல் மடங்கிய இலைகள்.

புகைபோல் நீர் தெளிக்கும் குழாய்கள் தலைக்கு மேலே ஓடின. ஆனால் மூடியிருந்தன. இளஞ்செடிகளாக இருக்கும்போது, வறண்ட மதிய வேளையில் மட்டும் அதைத் திறப்பார்களாம். பூ வைத்த பிறகு தொடுவதே இல்லை. காலையில் சொட்டுநீர், அதுவும் வைக்கோல் மூடாக்குக்கு அடியில். மதியத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் கிடையாது. வெயிலைச் சமாளிக்க நீர், நீர், நீர் என்றே நினைத்துக்கொண்டு வந்தவன் நான். இங்கே நீரைக் கண்டால்தான் பயப்படுகிறார்கள்.

எதற்கு அந்தப் பயம் என்பது மாலை ஏழரைக்குப் புரிந்தது. ஜூலையில் இங்கே சூரியன் மறைய எட்டே முக்கால் தாண்டிவிடும். கஞ்சாச் செடி பூக்க வேண்டுமானால் இரவு நீள வேண்டும். பண்ணைகளில் பன்னிரண்டு மணி நேர இருட்டு கொடுப்பார்கள். அக்டோபர் அறுவடை வரை காத்திருந்தால் முதல் மழை வந்துவிடும். ஆகவே கோடையிலேயே பொய்யான இரவை உண்டாக்குகிறார்கள். ஏழரை மணிக்கு, வெயில் இன்னும் மலைமேல் பளிச்சென்று நிற்கும்போது, நான்கு பேர் கயிறுகளைப் பிடித்து ஒரு பெரிய தார்ப்பாயைக் குடில் முழுவதும் இழுத்து மூடினார்கள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளை. வெளியே கறுப்பாக இருந்தால் கடைசி வெயில் உள்ளே செடிகளை வெந்துபோக வைக்கும்.

மூடிய பத்தாவது நிமிடத்தில் நண்பனோடு உள்ளே போனேன். இட்லிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து முகத்தை வைத்ததுபோல் இருந்தது. நூற்றுக்கணக்கான செடிகள் பகல் முழுவதும் குடித்த நீரை இலை வழியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன, வெளியேற வழியில்லை. ஈரப்பதமானி 60-லிருந்து 80-ஐ நோக்கி ஏறியது.

நண்பன் கணக்குச் சொன்னான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்கூடத் தாங்காது. மதியம் 30 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் என்றால் வறட்சி என்று தோன்றும். அதே காற்றை, ஒரு சொட்டு நீரும் சேர்க்காமல், இரவில் 15 டிகிரிக்குக் குளிரவிடு. அது விளிம்பு வரை நிறைந்துவிடும். இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் விரிப்பின் உள்பக்கம் வியர்க்கும். அந்த வியர்வை பூங்கொத்துகளின் மேல் சொட்டும். “பகலில் தெரியும் ஈரப்பதம் ஏமாற்று. இரவில் எவ்வளவு குளிரும் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்” என்றான். கல்லூரியில் இயற்பியலில் என்னைப் பார்த்து எழுதியவன்!

சாம்பல் பூஞ்சை காத்திருப்பது இதற்குத்தான். பொட்ரைடிஸ் என்று பெயர். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழுக வைப்பதும் இதுவே. குளிர்ந்த ஈரமும் சில மணி நேரம் உலராத நீர்த்துளியும் கிடைத்தால் போதும். பூங்கொத்து கனக்கக் கனக்க அதன் நடுவில் காற்று புகாது. அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். பண்ணைக்கார அம்மா சென்ற அறுவடையின் படமொன்றைக் காட்டினார். பச்சைக் கொத்தில் ஒரே ஒரு மஞ்சள் இலை. அதை லேசாக இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்துவிடுமாம். அப்படி வந்தால் உள்ளே பழுப்பாகிவிட்டது என்று பொருள். அந்தக் கொத்தை வெட்டி, பையில் மூடி, குடிலுக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதுதான். வேறு மருந்து இல்லை.

இரவு பத்து மணிக்கு எல்லோரும் மறுபடி குடிலுக்குப் போனார்கள். எனக்கு வியப்பு, வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வெளியே உண்மையான இருட்டு வந்துவிட்டது. இனி பொய் இருட்டு தேவையில்லை. தார்ப்பாயை விலக்கி, பக்கங்களைச் சுற்றி உயர்த்தினார்கள். உள்ளே அடைபட்டிருந்த வெப்பமும் ஈரமும் ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது; அருகே நின்ற என் கண்ணாடியில் ஆவி படிந்தது. விடியலின் முதல் வெளிச்சத்துக்கு முன், நாலு மணிக்கு, திரும்ப மூடுவார்கள். காலை ஏழரைக்குத் திறப்பார்கள். பூக்கும் எட்டு, ஒன்பது வாரமும் நாள்தோறும் இதே கதை. இதைத் தானே செய்யும் மோட்டார்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உண்டு. ஆனால் மோட்டாருக்கு மூக்கு இல்லை. அந்த அம்மா குடிலுக்குள் தலையை நீட்டி ஒரு முறை மூச்சிழுத்துவிட்டு, “இன்னும் அரை மணி நேரம்” என்று சொன்னதை நான் நேரில் பார்த்தேன்.

அங்கேதான் என் அபத்தமும் நடந்தது. ஈரப்பதமானியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, பழக்கதோஷத்தில் கைபேசி விளக்கைப் போட்டுவிட்டேன். மூன்று பேர் ஒரே குரலில் அலறினார்கள். இரவின் நடுவே வெள்ளை வெளிச்சம் பட்டால் செடிக்குக் கணக்குத் தவறிப்போகும். தொடர்ந்து நடந்தால் பெண் செடியில் ஆண் பூ வந்து விதை கட்டிவிடும், பயிர் வீண். அவர்கள் தலையில் மாட்டியிருந்த விளக்குகள் எல்லாம் பச்சை. எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தில் பச்சைச் செடிகள் ஏறக்குறையக் காணாமல் போயின. மனிதர்களின் பற்கள் மட்டும் தெரிந்தன.

மறுநாள் மூன்றரைக்கே விழிப்பு வந்தது. மூடுபனி ஆற்றோரமாகப் பள்ளத்தாக்கில் ஏறி வந்திருந்தது. கார்க் கண்ணாடி முழுவதும் பனி. வெளிக்காற்றே நிறைந்திருக்கும்போது குடிலைத் திறந்து வைத்து என்ன பயன் என்று நண்பனிடம் கேட்டேன். இந்த மாதிரி இரவுகளுக்குத்தான் சிறிய எரிவாயு ஹீட்டர் என்றான். ஹீட்டரையும் போட்டு, மேல் திறப்பையும் திறந்து வைத்திருந்தார்கள். வீட்டில் அப்படிச் செய்தால் பைத்தியம் என்பார்கள். ஆனால் 12 டிகிரியில் நிறைந்திருக்கும் காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அது செடிகளின் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு மேலே வெளியேறும். மூலைகளில் மின்விசிறிகள் மெதுவாகச் சுழன்றன; செடியின் மேல் நேராக வீசாமல், குடிலைச் சுற்றி ஒரே வட்டமாகக் காற்று நகரும்படி.

நான்கு பேர் கயிற்றைப் பிடித்துத் தார்ப்பாயை இழுத்தார்கள். ஒரு மூலை குழாயில் மாட்டிக்கொண்டது. எனக்கு ஓர் அடி தூரம். கை தானாக நீண்டது. நண்பன் பச்சை விளக்கை என் முகத்தில் அடித்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வந்து ஒரு கழியால் அதைத் தள்ளிவிட்டு, ஈரப்பதமானியைப் பார்த்து, 74 என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.