ஸ்னோவோடு வரும் வினைச்சொற்கள்

கனடாவுக்கு வருகிற எல்லாருக்கும் ஸ்னோ என்ற சொல் விமானம் ஏறும் முன்பே தெரியும். அந்த ஒரு பெயர்ச்சொல்லைச் சுற்றி இங்கே புழங்கும் வினைச்சொற்களைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தூத்துக்குடியிலிருந்து டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிவந்த எனக்கு முதல் குளிர்காலத்தில் அதிகம் தேவைப்பட்டவை அவைதான். இப்போது புதிதாக வரும் குடும்பங்களுக்கு கோட்டும் பூட்ஸும் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லும்போது, இந்த வினைகளையும் சேர்த்தே சொல்கிறேன். இவற்றில் சில வீட்டு வேலைகள், சில வாடகை ஒப்பந்தத்தில் வரும் பொறுப்புகள், சில சாலையில் உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள்.

முதலில் ஷவல். பொருளாகப் பார்த்தால் பனி அள்ளும் அகலமான வாரி. இங்கே அதுவே வினையும்கூட. ஆங்கிலம் கருவியின் பெயரை எடுத்து, எந்த விகுதியும் சேர்க்காமல் வினையாக்கிவிடும். பிரஷால் காரின் மேலுள்ள பனியைத் தட்டிவிடுவது பிரஷ், உப்பைத் தூவுவது சால்ட், ப்ளவ் வண்டியை ஓட்டித் தெருப்பனியை ஒதுக்குவது ப்ளவ். தமிழிலும் இந்த வழக்கம் உண்டு. பூட்டை வைத்துத்தானே பூட்டுகிறோம். ஆனாலும் பெரும்பாலான பெயர்ச்சொற்களுக்கு நமக்கு ஒரு ‘போடு’வோ ‘பண்ணு’வோ துணைக்கு வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் ‘ஷவல் பண்ணியாச்சா?’ என்று கேட்போம். பக்கத்து வீட்டு பருத்தித்துறை அண்ணன் வீட்டில் ‘ஸ்னோ வழிக்க வேணும்’ என்பார்கள். எனக்கு அவர்கள் சொல்தான் பிடித்திருக்கிறது. மாவுச் சட்டியை வழிப்பதுபோலத் தரை தெரியும்வரை எடுக்க வேண்டிய வேலை அது. மேலாக அள்ளிவிட்டு மீதியை விட்டால், மறுநாள் மிதிபட்டு இறுகிப் பனிக்கட்டியாகிவிடும். அப்புறம் ஷவல் உதவாது. சுரண்டும் வேலைதான், அதற்கு வேறு வினை, ஸ்க்ரேப்.

‘தம்பி, தூக்காதேங்கோ, தள்ளுங்கோ’ என்று அந்த அண்ணன் முதல் நாளே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். ஷவல் என்ற ஒரே வினைக்குள் தள்ளுவது, தூக்குவது, வீசுவது மூன்றும் அடங்கியிருக்கின்றன. முதுகையும் இதயத்தையும் பதம் பார்ப்பவை பின்னிரண்டும். ஈரப்பனி கனக்கும். பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள் ஷவல் செய்யும்போது மாரடைப்பு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பனி முழுக்க நிற்கும்வரை காத்திருக்காமல், பெய்யப் பெய்ய இரண்டு மூன்று தடவையாகத் தள்ளிவிடுவது உடம்புக்கு நல்லது.

இந்த வினை ஒப்பந்தத்திலும் வரும். பேஸ்மென்ட்டில் வாடகைக்குக் குடிபோகிற நம்மவர்கள் பலர், வாடகைக்காரரே ஷவல் செய்ய வேண்டும் என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பனியை அகற்றுவது அடிப்படையில் வீட்டுக்காரரின் பொறுப்பு. 2009இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வாடகைக்காரர் அந்த வேலையை ஏற்க வேண்டுமானால், அதைத் தனிச் சேவையாகப் பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த வரியைப் பார்த்தால் கேள்வி கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

தெருவுக்கு வந்தால் மாநகராட்சியின் மூன்று வினைகள்: ப்ளவ், கிளியர், ரிமூவ். மூன்றையும் ‘அகற்றுதல்’ என்று ஒன்றாக எடுத்துக்கொண்டால் காத்திருந்து ஏமாற வேண்டிவரும். ப்ளவ் என்றால் ஓரத்துக்கு ஒதுக்குவது மட்டும். அப்படி ஒதுக்கிய பனி உங்கள் வீட்டு வாசலில் ஒரு வரப்பாக நிற்கும். நீங்கள் கஷ்டப்பட்டு வழித்து முடித்த பிறகுதான் பெரும்பாலும் அந்த வண்டி வரும். கிளியர் என்பது பொதுச்சொல், நடக்கவும் வண்டி போகவும் வழி ஏற்படுத்துவது. ரிமூவ்தான் பனியை லாரியில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோவது. பெரிய பனிப்பொழிவுகளுக்குப் பிறகு ஒதுக்க இடமில்லாதபோதுதான் அது நடக்கும். 2025 பிப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்களில் டொரான்டோவில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரிமூவ் செய்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. இதற்கெல்லாம் முன்பு, 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். அதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

சால்ட் என்ற வினையிடம் எனக்குத் தனிப் பிரியம். உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். வெயிலில் காயும் உப்பைத்தான் தெரியும். இங்கே வாசற்படியில் தூவும் உப்பு பூமிக்கடியிலிருந்து வருகிறது. ஒன்டாரியோவின் கோடரிச் நகரில், ஹூரான் ஏரிக்கு அடியே சுமார் 550 மீட்டர் ஆழத்தில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் 1959 முதல் இயங்கிவருகிறது. ஆங்கிலத்தில் சூப்பையும் சால்ட் செய்யலாம், சாலையையும் சால்ட் செய்யலாம். நம் மொழியில் ‘உப்பிட்டவரை’ என்று பழமொழியில் ஒரு வினை இருக்கிறது, ஆனால் அது இலையோடு நின்றுவிடுகிறது. சரி, வேலைக்கு வருவோம். சாதாரணக் கல்லுப்பு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கும் கீழே போனால் எவ்வளவு கொட்டினாலும் பயன் குறைவு. மணலைத் தூவிப் பிடிமானம் உண்டாக்க வேண்டும், அல்லது கால்சியம் குளோரைடு கலந்ததை வாங்க வேண்டும். அளவாகத் தூவுங்கள். மிச்சமெல்லாம் ஓடைக்கும் ஏரிக்கும்தான் போகிறது.

நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கு அரசு இலவசமாக நடத்தும் லிங்க் ஆங்கில வகுப்பில், இவற்றின் இறந்தகால வடிவங்களை ஸ்னோவை வைத்தே படித்தோம். ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோசன். ப்ளோ, ப்ளூ, ப்ளோன். ஸ்லைட், ஸ்லிட். அட்டவணையாகப் படித்தால் மறந்துபோகும். ‘பைப் ஃப்ரோஸ்’ என்று வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய இரவு ஒன்று வந்தால் மறக்காது. அந்தச் சொல்லில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. ஃப்ரீசிங் ரெய்ன் என்றால் குளிர்ந்த மழை அல்ல, தொட்ட இடத்திலேயே உறைகிற மழை. மரக்கிளையும் மின்கம்பியும் அதன் கனம் தாங்காமல் முறியும். 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த அத்தகைய புயலில் டொரான்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்தச் சொல்லை வானொலியில் கேட்டால் டார்ச்சையும் போர்வையையும் எடுத்து வையுங்கள், செல்போனைச் சார்ஜ் போடுங்கள்.

வண்டி ஓட்டுபவர்கள் வானிலை அறிக்கையில் இரண்டு வினைகளுக்குக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ட்ரிஃப்ட் என்றால் காற்றில் பனி தரையோடு தரையாக நகர்வது. ப்ளோ என்றால் அதே பனி கண்மட்டத்துக்கும் மேலே கிளம்பி முன்னால் போகிற வண்டியையே மறைப்பது. வானத்திலிருந்து ஒரு துளி விழாமலேயே இரண்டும் நடக்கும். நெடுஞ்சாலை 401இல் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம், கிளம்புவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும்.

வழுக்குவதற்கும் நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வழுக்கு, சறுக்கு, நழுவு எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் எது வழுக்குகிறது என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். ஆள் கால் வழுக்கினால் ஸ்லிப். சக்கரம் பிடிமானம் இழந்தால் ஸ்கிட். மொத்த வண்டியும் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தால் ஸ்லைட். பின்பகுதி மட்டும் மீன்வால்போல ஆடினால் ஃபிஷ்டெயில், அதுவும் வினைதான். விபத்துக்குப் பிறகு போலீசிடமோ காப்பீட்டாளரிடமோ பேசும்போது எது நடந்தது என்று சரியான சொல்லில் சொல்வது உதவும். ஸ்கிட் ஆனால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். எங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இதைக் காலியான பார்க்கிங்கில் செய்து பழக்கினார். முடிந்தவர்கள் எல்லாரும் அப்படிப் பழகிப் பார்க்கலாம்.

இன்னும் சில சொற்கள் பேச்சில் சாதாரணமாக வரும். பண்டில் அப் என்றால் குழந்தையைத் தொப்பி, கையுறை, ஸ்கார்ஃப் எல்லாம் போட்டுச் சுற்றிக் கட்டுவது. பள்ளி ஆசிரியை சொல்லி அனுப்பும் சொல் அது, கவனியுங்கள். ஸ்னோட் இன் என்றால் பனியால் வீட்டோடு முடங்குவது. ஸ்னோட் அண்டர் என்றால் பனிக்கு அதில் சம்பந்தமே இல்லை. வேலைப் பளுவில் மூழ்கியிருப்பது. அலுவலகத்தில் ஜூலை மாதத்திலும் கேட்பீர்கள். எட்மன்டன், வின்னிபெக் பக்கம் குடிபோகிறவர்களுக்கு ப்ளக் இன் முக்கியம். அங்கே சாதாரணப் பெட்ரோல் காரைக்கூட இரவில் மின்சாரத்தில் செருகி வைப்பார்கள், இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்க.

கடைசியாக பூஸ்ட். நமக்கு அது பாலில் கலக்கிற பானம். இங்கே ஜனவரிக் காலையில் கார் பேட்டரி செத்துக் கிடக்கும்போது, இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டு உயிர் கொடுப்பதற்கு அதுதான் வினை. அமெரிக்கர்கள் ஜம்ப் என்பார்கள். கேபிளை உங்கள் டிக்கியில் வைத்துக்கொண்டு, பார்க்கிங்கில் பக்கத்திலிருப்பவரிடம் ‘பூஸ்ட் கிடைக்குமா?’ என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் அவர் தன் காரை உங்கள் காருக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்துவார்.