ஓட்டம் கடைசியில்தான்

மே 11, 2024

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துவிட்டது. இடது முன்னங்கால் எலும்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தால் விழும் மெல்லிய விரிசல். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாதாம். பிசியோ தம்பிக்கு மட்டும் முதலிலேயே சந்தேகம். "எங்க வலிக்குது, ஒரு விரலால காட்டுங்கக்கா" என்றார். காட்டினேன். ஓடுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் முன்னங்கால் வலி மேலும் கீழுமாகப் பரவி இருக்கும். விரல் நுனி அகலத்தில் அசையாமல் நிற்கிற வலி வேறு சமாசாரம். அப்புறம் ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். இரண்டாவது குதிப்பிலேயே அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் அங்கே கை வைக்கும், பிறகு எலும்பில். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்குத் தனிப் பெயரே வைத்தது, ஆண்களுக்கும் வரும் என்றது. நம் ஓட்டக் குழுக்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. யாராவது இளைத்தால் கைதட்டுகிறோம். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. வைட்டமின் டி-தான் பாதாளத்தில் இருக்கிறது, அதுவும் அக்னி நட்சத்திரத்தில்! விடிவதற்குள் ஓடி முடித்து, பகல் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்தால் வெயில் எங்கிருந்து படும்?

எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. அக்டோபர் 27 கோவா ஹாஃப் அயர்ன்மேனுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 21 கிலோமீட்டர் ஓட்டம்.

மே 29

நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில், இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிறேன். கால் தரையில் படாது, எலும்பில் பாரம் இறங்காது, மூச்சு மட்டும் வாங்கும். நாற்பது நிமிடம் ஓடியும் நாலு மீட்டர்கூட நகர்ந்திருக்க மாட்டேன். லைஃப்கார்டு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "மேடம், நீச்சல் வரலன்னா சொல்லுங்க, கத்துத் தரேன்."

ஜூலை 31

பாரிஸ் ஒலிம்பிக் டிரையத்லான் பார்க்கவே லீவு போட்டேன். அதுவும் நீச்சல், சைக்கிள், ஓட்டம்தான். ஆண்கள் போட்டி நேற்று நடந்திருக்க வேண்டியது. சேன் நதித் தண்ணீர் சரியில்லை என்று இன்றைக்குத் தள்ளிவிட்டார்கள். காலையில் பெண்கள் போட்டி. மழை ஈரத்தில் சைக்கிள்கள் வரிசையாகச் சறுக்கின. பிறகு ஆண்கள் போட்டி. நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட் ஓட்டத்தில் முன்னால் போய்விட, பிரிட்டனின் அலெக்ஸ் யீ கதை முடிந்தது என்றே நினைத்தேன். கடைசி சில நூறு மீட்டரில் யீ எட்டிப் பிடித்து ஆறு விநாடியில் தங்கம்! வீட்டில் கத்திய கத்தலில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

ஆனால் இதைப் பார்த்து நாம் பாடம் படிக்க முடியாது. ஒலிம்பிக்கில் சைக்கிளில் கூட்டத்துக்குள் ஒளிந்து காற்றைத் தவிர்க்கலாம். எங்கள் போட்டியில் முன்னால் போகிறவருக்கு 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தண்டனை. 90 கிலோமீட்டரும் காற்று நம் நெஞ்சில்தான்.

செப்டம்பர் 8

முட்டுக்காடு தாண்டி எதிர்க்காற்று. என்னுடன் வந்தவர்கள் தலையைக் குனிந்து மிதித்துப் பறந்தார்கள். நான் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 141-க்கு மேல் போகவில்லை. 180-லிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் பயிற்சியில் துடிப்பின் எல்லை என்கிற மாஃபெடோன் கணக்கு. விஞ்ஞானிகள் இதில் நிறைய ஓட்டை சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் அந்த முறையில் பயிற்சி செய்த மார்க் ஆலன், ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் ஆறு முறை தோற்ற பிறகு 1989-இல், அங்கே பல முறை சாம்பியனான டேவ் ஸ்காட்டை 58 விநாடியில் ஜெயித்தார். எனக்கு அவசரத்தைக் கட்டிப்போட ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான்.

என் பலம் எப்போதும் ஓட்டம். இந்த வருஷம் அதை நம்ப முடியாது. இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்றுதான் போகிறது. அதனால் சைக்கிளில் நேரத்தை அள்ளிவிடலாம் என்று குழுவில் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. தயாராகாத காலுக்குக் களைத்த தொடையையும் சேர்த்துக் கொடுத்தால் 21 கிலோமீட்டரை எதை வைத்து ஓடுவது?

அக்டோபர் 16

கனமழைக்கு ரெட் அலர்ட். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஹாலில் டிரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கியில், சைக்கிளை மாட்டி இரண்டு மணி நேரம். அடியில் விரித்த பழைய வேட்டி பிழியப் பிழிய வியர்வை.

அக்டோபர் 29

கோவாவிலிருந்து வந்தாயிற்று. பெடல் கழற்றிய சைக்கிள் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நாளை மறுநாள் தீபாவளி.

மிராமார் கடலில் 1.9 கிலோமீட்டர், 46 நிமிடம். வெதுவெதுப்பான தண்ணீர், நாக்கெல்லாம் உப்பு. சைக்கிளில் பாதி தாண்டியதும் பின்சக்கரம் பங்க்சர். புது டியூபை உடனே மாட்டத் தோன்றும், மாட்டக் கூடாது. டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டினேன். நகம் அளவுகூட இல்லாத கம்பித் துணுக்கு சுருக்கென்றது. அதை விட்டிருந்தால் அடுத்த டியூபும் போயிருக்கும். ஒன்பது நிமிடம் காலி.

என்னைக் கடந்துபோனவர்களைத் துரத்தக் கால் பரபரத்தது. கடிகாரத்தில் 141-ஐப் பார்த்தேன். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஓட்டம் உச்சி வெயிலில். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நடை, தொப்பிக்குள் ஐஸ், உப்பு மாத்திரை, மறுபடி ஓட்டம். கடைசி ஐந்து கிலோமீட்டரில், சைக்கிளில் என்னைத் தாண்டியவர்களில் பலர் நடந்துகொண்டிருந்தார்கள். ஓட்டம் 2:19, மொத்தம் 6:43. எட்டரை மணி நேரக் கெடுவுக்கு நிறையவே மிச்சம். எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8:27-இல் முடித்ததைத்தான் டிவியில் காட்டினார்கள். கெடுவுக்கு இரண்டரை நிமிடம் மிச்சம் வைத்து முடிக்க என்னைவிட நெஞ்சழுத்தம் வேண்டும்.

பிசியோ தம்பி ஒற்றைக் காலில் குதிக்கும் வீடியோ கேட்டார். அனுப்பினேன். ஜனவரி சென்னை மாரத்தான் பற்றியும் கேட்டேன். "பத்து கிலோமீட்டருக்குப் பேர் குடுங்கக்கா, அதுக்கு மேல வேணாம்" என்று பதில் வந்திருக்கிறது. கொடுத்துவிட்டேன்.