ஒரே சட்டியில் ஐந்து முள்கரண்டி

ஃப்ரிபூர் நகரம் இரண்டு அடுக்காக அமைந்த ஊர். மேலே ரயில் நிலையமும் பல்கலைக்கழகமும், கீழே சாரின் ஆற்றங்கரையில் பழைய வீடுகள். இரண்டையும் இணைத்து 1899 முதல் ஒரு சிறு மலை ரயில் ஓடுகிறது. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஊரின் கழிவுநீரை நிரப்புவார்கள். அந்தக் கனத்தில் அது இறங்க, கம்பிவடத்தின் மறுமுனையில் இருக்கும் பெட்டி மேலேறும். நான் சுவிட்சர்லாந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை மாலை, உடன் வேலை செய்யும் நால்வரோடு அந்தப் பெட்டியில் கீழே இறங்கினேன். ஃபோண்ட்யூ சாப்பிடலாம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். உருக்கிய சீஸில் ரொட்டியை முக்கிச் சாப்பிடுவதுதான் ஃபோண்ட்யூ.

அந்த மூன்று மாதமும் எல்லோரும் என்னிடம் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார்கள். காலையில் வணக்கம் சொல்வார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆனால் பேச்சு முழுக்க 'வூ'. பிரெஞ்சில் நம் 'நீங்கள்' என்பதற்கு 'வூ', 'நீ' என்பதற்கு 'த்யூ'. அவர்கள் தங்களுக்குள் த்யூ என்று பேசிவிட்டு என் பக்கம் திரும்பியதும் வூவுக்கு மாறுவார்கள். அது மரியாதை என்று தெரியும். இருந்தாலும் அந்த ஒரு சொல்லில் நான் விருந்தாளியாகவே நின்றுகொண்டிருந்தேன்.

உணவகத்தில் தடித்த சட்டி ஒன்றை அடுப்போடு மேசை நடுவில் வைத்தார்கள். சட்டிக்குக் காக்லோன் என்று பெயர். உள்ளே பூண்டு தேய்த்து, வெள்ளை ஒயினைச் சூடாக்கி, அதில் துருவிய சீஸைச் சோளமாவோடு சேர்த்து உருக்கியிருக்கிறார்கள். கடைசியில் கொஞ்சம் கிர்ஷ், அதாவது செர்ரிப் பழத்தில் காய்ச்சிய சாராயம். இந்த ஊர் வழக்கம் 'முவாத்தியே-முவாத்தியே', பாதிக்குப் பாதி: பாதி கிரூயேர் சீஸ், பாதி வஷ்ரான் சீஸ். ஆளுக்கு 200 கிராம் சீஸ் கணக்கு. நான் மது குடிப்பதில்லை, ஆனால் சமையலில் சேர்வதைத் தெரிந்தேதான் சாப்பிட்டேன். சைவ நண்பர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் பாலுக்கு மோரை உறை ஊற்றுகிறோம், கிரூயேருக்குப் பாலைத் திரிய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. சட்டி ஒன்று, முள்கரண்டி ஐந்து. திருச்சியில் எங்கள் வீட்டில் தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிப்போம். குழம்பில் உப்பு பார்க்க அம்மா உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வாள். கரண்டி உதட்டில் பட்டுவிட்டால் அது நேரே கழுவுகிற இடத்துக்குப் போய்விடும். இங்கே எல்லோரும் ரொட்டித் துண்டைக் குத்தி, முக்கி, வாயில் வைத்து, அதே கரண்டியை மறுபடி சட்டிக்குள் விடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் பக்கத்தில் இருந்தவர் எங்கள் குழுவிலேயே மூத்தவர், அம்மா வயது. அவர் நான் தயங்குவதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தன் கரண்டியை மெதுவாகத் தூக்கி, ரொட்டியை மட்டும் பல்லால் இழுத்துக் காட்டினார். உதடும் நாக்கும் இரும்பில் படவில்லை. எச்சில் என்ற நம் சொல் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம், அந்தக் கவனம் இருக்கிறது. கரண்டிப் பிடிகளின் நுனியில் ஐந்து நிறம், யாருடையது யாருக்கு என்று மாறாமல் இருக்க. எனக்கு மஞ்சள். மனசு இளகிவிட்டது.

முதல் வாயில் சீஸ் மணம் தூக்கலாக இருந்தது. மிளகை இடித்து மேலே தூவிக்கொண்டதும் பிடித்துப்போனது. ரொட்டி முந்தின நாளையது, அதனால்தான் தொய்ந்து விழாமல் நிற்கிறது. ஒவ்வொருவரும் முக்கும்போது அடிவரை விட்டு எட்டுப் போடுவதுபோலக் கிளற வேண்டும். ஒருவர் சும்மா இருந்தால்கூட அடி பிடித்துவிடும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் வயிற்றில் சீஸ் கட்டிக்கொள்ளும் என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் மற்றவர்களுக்கு ஒயின், எனக்குச் சூடான கட்டன் சாயா.

மூத்தவரின் ஊர், அந்தச் சீஸுக்குப் பெயர் தந்த கிரூயேர் பக்கத்து கிராமம். அப்பா காலையும் மாலையும் பாலை ஊர் சீஸ் பண்ணைக்கு ஊற்றுவாராம். 35 கிலோ சீஸ் வட்டு ஒன்றுக்கு 400 லிட்டர் பால் வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் கைகள் கனமான பால் கேனைத் தூக்குவதுபோல அசைந்தன.

அந்தக் கதையில் ஆழ்ந்திருந்தபோது என் ரொட்டி சட்டிக்குள் விழுந்துவிட்டது. விழுந்தால் ஏதாவது ஈடு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். தமிழில் இரண்டு சொல் கற்றுக்கொடு என்றார்கள். நீ, நீங்கள் என்றேன். நால்வரும் சொல்லிப் பார்த்தார்கள். அப்போது ரொட்டிக் கூடையோடு வந்த சமையலறைக்காரர் நின்றுவிட்டார். "தமிழோ? எங்கட யாழ்ப்பாணத்தில நடுவில 'நீர்' எண்டும் ஒண்டு இருக்கு, பிள்ளை. அதையும் சொல்லும்." அவர் அந்த 'சொல்லும்'-இலேயே எனக்கு 'நீர்' என்ற விளியைக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருடமாகச் சுவிஸ் சமையலறைகளில் நிற்கிறாராம்.

அவர் சொன்னதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். மூத்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். இங்கே த்யூவுக்கு மாறலாம் என்று முதலில் சொல்ல வேண்டியவர் வயதில் பெரியவர்தான். "சரி, இனி நமக்குள் த்யூ" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவு பெரியவரை எப்படி நீ என்பது? அப்புறம்தான் தோன்றியது: அப்பாவை நீங்க என்று கூப்பிட்ட நான், அம்மாவை என்றைக்காவது அப்படிக் கூப்பிட்டிருக்கிறேனா? முருகனையும் நீ என்றுதான் கும்பிடுகிறேன். அதைச் சொன்னதும் அவர் கையை என் கைமேல் வைத்தார்.

சட்டி காலியானது. அடியில் பொன்னிறமாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. இதற்கு ரிலிஜியூஸ், கன்னியாஸ்திரீ என்று பெயர். நெய் உருக்கிய சட்டியில் தங்கும் கசண்டில் அம்மா சாதம் பிசைந்து தருவாளே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் அதற்கு அடித்துக்கொள்வோம். மூத்தவர் அடுப்பை அணைத்துவிட்டு, கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்து ஐந்தாகப் பிய்த்தார். முதல் துண்டை என் பக்கம் நீட்டி "தியென்" என்றார்.

நெருங்கியவர்களிடம் மட்டும் சொல்லும் சொல் அது. நம் ஊர் 'இந்தா'. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.