கீறல் சத்தம் போட மாட்டேன் என்றேன்

"அண்ணா, கடைசியா கொஞ்சம் ரெக்கார்டு கீறல் சத்தம் சேர்த்துடலாமா?" என்று என் ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவு செய்ய வந்த பெண் கேட்டாள். மாட்டேன் என்றேன். அவள் கேட்டதும் நான் சொன்னதும் சாதாரணமாகத்தான், ஆனாலும் அது மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஏற்காட்டுப் பெண், சர்ச் கொயரில் பழகிய குரல், அறுபதுகளின் சோல் பாணியில் தமிழில் பாட வேண்டும் என்று வந்தாள். சோல் கிளம்பியதே அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்துதான், அதனால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அவள் காந்தார சுரத்தைப் பிடித்த விதத்தில். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை, நடுவே எங்கேயோ நின்று உரசுகிறது, பிட்ச் கரெக்‌ஷன் போட்டிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் இழுத்து உட்கார வைத்திருக்கும். போடவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் பாடி முடித்ததும் கேட்கிற முதல் கேள்வியே 'சுருதி சரி பண்ணிடுவீங்கல்ல' என்பதுதான், இவள் அதைக் கேட்கவே இல்லை. டிரம்பெட்டுக்குப் பேண்டு செட்டில் வாசிக்கிற ஒருவரைக் கூட்டி வந்தேன். ஊர்வலத்தில் வாசித்துப் பழகிய மனுஷன், மைக் பக்கத்தில் நின்றால் மீட்டர் சிவப்புக்குப் போய்விடுகிறது, கதவைத் திறந்து வராந்தாவில் நிற்க வைத்து எடுத்தோம். பாட்டிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, கீறல் சத்தம் வேண்டுமாம்.

1959-ல் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற சோல் ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கியவர்கள் பழைய சத்தம் வேண்டும் என்று தொடங்கவில்லை, கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று சின்ன ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தவர்கள் என்றேன். நீ மலையிலிருந்து இறங்கி வருகிற ரோட்டில்தானே மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் ஆர்ச் நிற்கிறது, 1935-ல் அந்த ஸ்டூடியோவைத் தொடங்கிய டி. ஆர். சுந்தரமும் புதுசைத் தேடித்தான் ஓடினார், தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் 1956-ல் அங்கிருந்துதான் வந்தது என்றேன். அன்றைக்கு யாரும் கீறலை ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளவில்லை, நாம் ஏன் தேடிப் போய் ஒட்ட வேண்டும்? (வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டேன், அது தெரியும்.)

முழுசாகக் கேட்டாள். அப்புறம், "நான் ரெக்கார்டையே கையில தொட்டதில்லண்ணா. யாரோ ரெக்கார்டுல இருந்து யூடியூப்ல ஏத்தினதைத்தான் கேட்டேன். எனக்கு அந்தச் சத்தமும் சேர்ந்ததுதான் பாட்டு" என்றாள்.

சரிம்மா, குரல், டிரம்பெட்னு தனித்தனியா இருக்கிற ஸ்டெம் ஃபைல் எல்லாம் தந்துடறேன், வேற யார்கிட்டயாவது போட்டுக்கோ என்றேன். நான் கோபத்தில் சொல்லவில்லை. அவள் காதில் எப்படி விழுந்ததோ.

நியாயம் என் பக்கம்தான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் குரலில் பழைய டேப்பில் பதிவு செய்த மாதிரி காட்டுகிற பிளக்-இன் மென்பொருள் ஒன்றை நானே போட்டிருந்தேன், அவளைக் கேட்காமலே. என் ஸ்டூடியோவில் டேப் ஓடியதே கிடையாது. புரூக்ளினில் டாப்டோன் என்ற ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் நிஜமாகவே டேப்பில் எடுக்கிறார்கள், 2006-ல் வந்த ஏமி வைன்ஹவுஸ் ஆல்பத்தில் வாசித்ததும் அவர்களுடைய குழுதான், அந்தச் சத்தத்தின் நிழலைத்தான் நான் மென்பொருளில் பிடிக்கப் பார்த்தேன். டேப் குரலைக் கனமாக்குகிறது, கீறல் மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வித்தியாசம் சொல்லலாம். சொல்லிக்கொண்டும் இருக்கிறேன்.

கல்யாண வீட்டுப் பாட்டுக்கு எவ்வளவு எக்கோ கேட்டாலும் வாய் பேசாமல் போட்டுத் தருகிறவன், இவளிடம் மட்டும் ஏன் கொள்கை பேசினேன்? குரல் நன்றாக இருந்ததால். அப்படியென்றால் சுமாராகப் பாடுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற சுதந்திரம் இவளுக்கு இல்லை. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, நல்ல குரலுக்குத்தானே காவல் வேண்டும், என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுகிறேன்.

பெங்களூரில் யாரோ கீறலைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கேட்டேன். ஆரம்பத்தில் மட்டும் லேசாக இருக்கிறது, டிரம்பெட் வந்ததும் தெரியவே இல்லை. தெரியவில்லை என்றால் எதற்கு என்று எனக்கு உடனே தோன்றியது, அதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்கும் உங்ககிட்டயே வரேண்ணா என்று மெசேஜ் போட்டிருக்கிறாள், இந்தத் தடவை டிரம்போனும் வேண்டுமாம். பேண்டு செட்காரரைத்தான் கேட்க வேண்டும்.