அதிர்ஷ்டத்தை விட்டு ஆட்டத்தைப் பேசுவோம்: செயின்ட் கில்டாவின் 2026

மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகர்களில் பிப்ரவரி பிறந்துவிட்டால், செயின்ட் கில்டா கால்பந்து அணியின் ஆதரவாளர்கள் இருவர் எங்கே சந்தித்தாலும் பேச்சு வரப்போகும் பருவத்தில் தொடங்கி, சற்று நேரத்தில் 1966-க்கோ 2010-க்கோ போய்ச் சேர்ந்துவிடும். மொராபினில் லிண்டன் தெருவில் இருக்கும் பயிற்சி மைதானத்தின் வேலியோரம் நின்று கேட்டாலே இது விளங்கும். புதிதாக வந்த வீரரின் உயரத்தைப் பற்றி ஆரம்பித்தவர், "நமக்கு எதுதான் கூடி வந்திருக்கிறது?" என்று பெருமூச்சோடு முடிப்பார். இந்த ஆண்டாவது அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தேர்ந்த வீரர்கள் நால்வர் ஒரே கோடையில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆட்ட விதிகள் நம் அணிக்குச் சாதகமாகக்கூடிய விதத்தில் மாறியிருக்கின்றன. இப்படியொரு பருவத்தின் வாசலில் நின்றுகொண்டு தலைவிதியைப் பேசுவது, அணிக்கும் நமக்கும் செய்யும் அநியாயம்.

ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 1873-இல் தொடங்கிய செயின்ட் கில்டா, 1897-இல் விக்டோரியக் கால்பந்து லீக் உருவானபோது அதில் இருந்த எட்டு அணிகளில் ஒன்று. அத்தனை நீண்ட வரலாற்றில் அது வென்ற கோப்பை ஒன்றே ஒன்று. பட்டியலில் கடைசி இடம் பிடித்ததோ 27 முறை. அந்த ஒரே கோப்பையும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வந்தது. இந்த ஆட்டத்தில் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளிகள், பக்கக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்' எனப்படும் ஒரு புள்ளி. 1966 செப்டம்பர் 24 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட் அணியோடு சமநிலையில் இருந்தபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் பேரி பிரீன் உதைத்த பந்து அந்த ஒரு புள்ளியைத் தந்தது. 74-க்கு 73. தலைவர் டேரல் பால்டாக், பயிற்சியாளர் ஆலன் ஜீன்ஸ். வரும் செப்டம்பரில் அதற்கு அறுபது ஆண்டு நிறைகிறது. அன்று மைதானத்தில் இருந்த பெரியவர்கள் பலர் இன்னும் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் அந்த நாளைப் பேசும்போது நான் குறுக்கிடுவதில்லை. அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

எனக்கு மறுப்பு இருப்பது 2009, 2010 ஆண்டுகளைப் பற்றிய பேச்சில்தான். 2009-இல் நம் அணி தொடர்ந்து 19 ஆட்டங்களை வென்று, வழக்கமான பருவத்தின் 22 ஆட்டங்களில் 20 வெற்றிகளோடு பட்டியலின் உச்சியில் நின்றது. இறுதிப் போட்டியில் ஜீலாங்கிடம் 12 புள்ளிகளில் தோற்றது. அந்தத் தோல்விக்குக் காரணமாக இரண்டு நிகழ்ச்சிகளை எல்லோரும் சொல்வார்கள். ஒன்று, டாம் ஹாக்கின்ஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டும் கோல் என்று அறிவிக்கப்பட்டது. இன்னொன்று, கடைசிக் கட்டத்தில் மேத்யூ ஸ்கார்லெட் கால்விரல் நுனியால் தட்டிவிட்ட பந்து கேரி ஆப்லெட்டிடம் போய்ச் சேர்ந்து, பால் சாப்மனின் கோலில் முடிந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் அன்றைய கணக்கைப் பாருங்கள்: ஜீலாங் 12 கோல், 8 பிஹைண்ட், செயின்ட் கில்டா 9 கோல், 14 பிஹைண்ட். கம்பங்களை நோக்கி நாம் அடித்து எடுத்த புள்ளி வாய்ப்புகள் 23, அவர்களுடையவை 20. அதிக வாய்ப்பை உருவாக்கிய அணி தோற்றது என்றால், அதற்குக் காரணம் கம்பத்தில் பட்ட அந்த ஒரு பந்து மட்டுமல்ல; நாம் கோட்டைவிட்ட உதைகளும் அந்தக் கணக்கில் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு காலிங்வுட்டோடு ஆடிய இறுதிப் போட்டியில் நடந்ததும் இப்படித்தான். லென்னி ஹேய்ஸ் நெடுந்தூரத்திலிருந்து உதைத்த பந்து, ஆளில்லாத கோல் முனையில் ஓடிவந்த ஸ்டீபன் மில்னின் கைக்கு வராமல் விலகித் துள்ளி ஒரு பிஹைண்டாகப் போனது. ஆட்டம் 68-68 என்று சமனில் முடிந்தது. நீள்வட்டப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்தத் துள்ளலை நினைத்து இன்றும் மனம் வலிப்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் மறு வாரம் மீண்டும் நடந்த இறுதிப் போட்டியில் காலிங்வுட் நம்மை 56 புள்ளிகளில் வென்றதை எந்தத் துள்ளலாலும் விளக்க முடியாது. 2011-க்குப் பிறகு 2020-லும் 2023-லும் மட்டுமே நாம் இறுதிச் சுற்றுகளை எட்டியிருக்கிறோம். பயிற்சித் தளம் மொராபினிலிருந்து தொலைவிலுள்ள சீஃபோர்டுக்குப் போய், 2018-இல்தான் திரும்பி வந்தது. 'டிராஃப்ட்' எனப்படும் ஆண்டுத் தேர்வில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்ததிலும், தேர்ந்தவர்களை வளர்த்ததிலும் பல ஆண்டுகள் சறுக்கின. இவையெல்லாம் மனிதர் எடுத்த முடிவுகளின் விளைவுகள், மனிதரால் திருத்தக்கூடியவை.

திருத்த முடியும் என்பதற்கு, 2025 ஜூலை 27 அன்று மார்வெல் மைதானத்தில் மெல்போர்ன் அணியுடன் நடந்த ஆட்டத்தைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது நாம் 46 புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். என்னைச் சுற்றி இருந்த வரிசைகளில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் கோல் மேல் கோலாக வந்து, நாசாயா வாங்கனீன்-மிலேராவின் உதையில் ஆட்டம் சமனானது. மீண்டும் நடுவட்டத்தில் பந்து போடும் முன், இரண்டு அணிகளும் முன்களம், நடுக்களம், பின்களம் என மூன்று பகுதிகளிலும் ஆறு ஆறு பேராக நிற்க வேண்டும் என்பது 2019 முதல் உள்ள விதி. மெல்போர்ன் அணி அந்த அமைப்பை மீறி நின்றதால், சில வினாடிகளே எஞ்சியிருந்த நிலையில் நடுவர் நமக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ரோவன் மார்ஷல் நேராக உதைத்தார். வாங்கனீன்-மிலேரா அந்தப் பந்தைப் பிடித்தார். ஆட்டம் முடிந்ததற்கான சைரன் ஒலித்த பிறகு நிதானமாக நின்று கோல் அடித்தார். கடைசிக் கால்பகுதியில் இவ்வளவு வித்தியாசத்தைக் கடந்து வேறெந்த அணியும் லீக் வரலாற்றில் வென்றதில்லை. இதையும் சிலர் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எதிரணி விதியை மீறியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த நெருக்கடியில் மார்ஷல் பதறாமல் உதைத்ததும், வாங்கனீன்-மிலேரா சரியான இடத்துக்கு ஓடி வந்ததும் பயிற்சியில் விளைந்தவை.

இனி இந்தக் கோடையின் முக்கியமான விவாதத்துக்கு வருகிறேன். கார்ல்டனிலிருந்து டாம் டி கோனிங், ஜாக் சில்வாக்னி, வெஸ்ட் கோஸ்டிலிருந்து லியாம் ரையன், கோல்ட் கோஸ்டிலிருந்து சாம் ஃப்ளாண்டர்ஸ் ஆகிய நால்வரும் வந்திருக்கிறார்கள். இவர்களில் டி கோனிங் மீதுதான் அதிகப் பேச்சு, அதிகச் சந்தேகம். அவர் 'ரக்' ஆட்டக்காரர். அதாவது நடுவர் பந்தை மேலே போடும்போது எதிரணியின் நெட்டையரோடு மோதி எழும்பி, பந்தைத் தன் நடுக்கள வீரர்களின் பக்கம் தட்டிவிடுவது அவர் வேலை. அந்த வேலைக்கு ஏற்கெனவே மார்ஷல் இருக்கிறாரே, ஒரே இடத்துக்கு இரண்டு பேர் எதற்கு என்று மைதான வேலியோரம் கேட்காதவர் இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை புதிய விதிகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பருவம் முதல், நடுவட்டத்தில் நடுவர் பந்தைத் தரையில் அறைந்து எழச் செய்யும் பழைய முறை நீக்கப்பட்டு, பந்து நேராக மேலே எறியப்படும். ரக் ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் எதிராளியை முன்கூட்டியே முட்டித் தள்ளவும் முடியாது. உடல் பலத்தால் மல்லுக்கட்டுகிறவரைவிட, ஓடி வந்து உயரத் தாவுகிறவருக்கு இது ஏற்றது. டி கோனிங்கின் பலமே அந்தத் தாவல்தான். மாற்று வீரர்களின் இருக்கையிலும் மாற்றம் வந்திருக்கிறது: ஒருமுறை மட்டுமே உள்ளே வரக்கூடிய 'சப்' வீரர் என்ற ஏற்பாடு போய், ஐந்து பேரும் தாராளமாக மாறிமாறி ஆடலாம். இதனால் இரண்டு நெட்டையர்களை வைத்துக்கொண்டால் ஓட்டத்துக்கு ஆள் குறையும் என்ற பழைய அச்சமும் ஓரளவு தணிகிறது. நடுவட்டத்தை டி கோனிங்கிடம் கொடுத்துவிட்டு, மார்ஷலை ஆட்டத்தின் பெரும்பகுதிக்கு முன்களத்தில் நிறுத்துவதே சரி. அவர் பந்தைப் பிடிக்கும் கைகளை நாம் இதுவரை கோல் முனையில் போதிய அளவு பயன்படுத்தவில்லை. முன்கள வீரர் மேக்ஸ் கிங் காயத்தால் 2025 பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாமல் போன பிறகு, முன்களத்தின் முழுப் பாரத்தையும் அவர் ஒருவர் தோளிலேயே ஏற்றித் திட்டம் போடுவது அவருக்கும் நல்லதல்ல.

மற்ற மூவரைப் பற்றி எனக்கு அவ்வளவு குழப்பம் இல்லை. 2024 முடிவில் ஜாஷ் பேட்டில் ஹாதோர்னுக்குப் போனபோது பின்களத்தில் விழுந்த ஓட்டையைச் சில்வாக்னி அடைப்பார். கேலம் வில்கியும் அவரும் சேர்ந்து நின்றால் எதிரணி உயரமாக உதைக்கத் தயங்கும். வில்கி கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே தெற்கு ஆஸ்திரேலிய லீக்கில் ஆடி, முதல் சுற்றுத் தேர்வுகளின் வெளிச்சம் எதுவும் இல்லாமல் இந்த நிலைக்கு வந்தவர். நம் கழகம் ஆள் பார்த்து எடுத்ததில் மிகச் சிறந்த தேர்வு அதுவே என்பேன். ரையன் 2018 இறுதிப் போட்டியில் வெஸ்ட் கோஸ்டுக்காகப் பிடித்து உதைத்த பந்துதான் டாம் ஷீடின் வெற்றிக் கோலுக்கு வழி செய்தது. ஓர் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் கை நடுங்காமல் ஆடியவர் நம் உடைமாற்றும் அறையில் இருப்பது சிறிய விஷயமல்ல. ஃப்ளாண்டர்ஸ் நடுக்களத்தில் உழைப்பாளி.

இழப்பும் இருக்கிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. அணித் தலைவராக இருந்த ஜாக் ஸ்டீல் மெல்போர்ன் அணிக்குப் போய்விட்டார். அணியின் சிறந்த வீரர் விருதான ட்ரெவர் பார்க்கர் விருதை 2020, 2021 என அடுத்தடுத்து வென்றவர். அணி தடுமாறிய ஆண்டுகளில் உடம்பைப் பாராமல் பந்துக்கடியில் விழுந்து எழுந்தவர். கழகம் கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கலாம். அவர் புதிய சீருடையில் நம் எதிரே ஆடும் நாளில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று உறுப்பினர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைக் கொட்டிக் கோப்பை வாங்கப் பார்க்கிறீர்கள் என்று மற்ற அணிகளின் ஆதரவாளர்கள் சொல்வது காதில் விழாமல் இல்லை. நம் கழகத்தின் தலைவர் ஆண்ட்ரூ பசாட் டிராஃப்ட் முறையின் சமமின்மையை 2024-இல் வெளிப்படையாகவே சாடினார். தந்தை ஆடிய அணிக்கே மகனைத் தரும் விதியும், வடக்கு மாநில அணிகள் தம் பகுதி இளைஞர்களை வளர்த்தெடுக்கும் அகாடமிகளும் சில அணிகளுக்குத் தொடர்ந்து கைகொடுக்கின்றன. 2024, 2025 இரண்டு இறுதிப் போட்டிகளிலும் சிறந்த ஆட்டக்காரரான வில் ஆஷ்கிராஃப்ட் தந்தை-மகன் விதிப்படி பிரிஸ்பனுக்கு வந்தவர். அந்தக் கதவு திறக்காத அணி, விதிக்கு உட்பட்டு ஊதிய வரம்பில் இருந்த இடத்தைப் பயன்படுத்துவதில் தவறு எதுவுமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கவலை உண்டு. மத்தாயஸ் ஃபிலிப்போ, டார்சி வில்சன், டோபி டிராவாக்லியா, அலிக்ஸ் டாரு ஆகியோர் நாமே தேர்ந்தெடுத்த இளைஞர்கள். வந்தவர்களுக்கு இடம் கொடுப்பதற்காக இவர்களை வாரக்கணக்கில் இரண்டாம் அணியில் ஆடவிட்டால், 2029-இல் இதே கடையில் இதே விலைக்கு மறுபடியும் ஆள் வாங்க வேண்டி வரும்.

இந்தப் பருவம் முதல் ஏழாம் இடம் தொடங்கிப் பத்தாம் இடம் வரை உள்ள அணிகளுக்கும் ஒரு கூடுதல் சுற்று உண்டு. ஆகவே பத்தாம் இடம் வந்தால் போதும் என்ற பேச்சு பரவலாகக் கேட்கிறது. இதை நான் ஏற்கவில்லை. 2024-லும் 2025-லும் நாம் 12-ஆம் இடத்தில் முடித்தோம். இரண்டு படி ஏறுவதற்காக இத்தனை பெரிய முதலீட்டை யாரும் செய்வதில்லை. நம் பயிற்சியாளர் ராஸ் லயனின் அணிகள் எதிரணியைக் கட்டிப்போடுவதில் எப்போதும் தேர்ந்தவை. கோல் எண்ணிக்கையில்தான் நாம் பின்தங்குகிறோம். ஆகவே முதல் ஆறு வாரங்களில் பட்டியலில் நம் இடம் எது என்பதை விட்டுவிட்டு, நடுவட்டத்தில் டி கோனிங் தட்டும் பந்து யார் கைக்குப் போகிறது, அது எத்தனை உதையில் முன்களம் சேர்கிறது, அங்கிருந்து எடுக்கும் உதைகளில் எத்தனை கோலாகின்றன என்று பார்ப்போம். எதிரணிகள் வாங்கனீன்-மிலேராவை நிழல்போல் தொடர ஆள் போடுவார்கள். அந்த நாட்களில் ஃப்ளாண்டர்ஸும் மார்கஸ் வின்ட்ஹேகரும் பந்தை வெளியே கொண்டுவருகிறார்களா என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் வாங்கனீன்-மிலேரா சென்ற ஆண்டு கையெழுத்திட்டது இரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான்; அது 2027 முடிவில் தீர்கிறது. அவருடைய சொந்த ஊரான அடிலெய்டின் இரண்டு அணிகளும் அன்றும் காத்திருக்கும். இங்கேயே இருக்கலாம் என்று அவர் முடிவெடுப்பதற்கான காரணங்களை இந்த அணி இந்த ஆண்டே உருவாக்கத் தொடங்க வேண்டும். பிப்ரவரியில் வேலியோரம் நிற்கும் நாம் பயிற்சியாளரிடமும் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்பதே.