கயோட்டி வேட்டை: காற்று பார்த்து உட்காரப் படித்த கதை

ஆட்டுக்கறியில்தான் தொடங்கியது. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து, தீபாவளிக்கு மேற்கே லேனோ பக்கம் ஒரு பண்ணையில் முழு ஆடாக வாங்குவோம். போன தடவை போனபோது பண்ணைக்காரர் கையை விரித்துவிட்டார். எழுபது தாண்டியவர். ஒன்பது குட்டி போய்விட்டதாம். கடைசியாகப் போனதைக் காட்டினார்: தொண்டையில் பல் பதிந்த துளைகள், வயிறு மட்டும் கிழிந்திருந்தது. "கையோட்" என்றார். கயோட்டி என்பது நம்ம ஊர் நரி, ஓநாய் வகையைச் சேர்ந்த காட்டு விலங்கு. நகரத்தில் கயோட்டி என்று இழுப்பதை அங்கே இப்படிச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு என்னவோ 'கையோடு' கொண்டுபோய்விட்டது என்றுதான் காதில் விழுந்தது.

நானும் வரட்டுமா என்று கேட்டேன். முதலில் வகுப்பை முடித்துவிட்டு வா என்றார்.

டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்காரர் கல்விப் படிப்பு முடித்திருக்க வேண்டும். பதினேழு வயது ஆகிவிட்டால் இணையத்திலேயே முடிக்கலாம். எனக்கு மூன்று இரவு பிடித்தது. உள்ளூர்க்காரருக்கு உரிமம் 25 டாலர், எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 வரைக்கும்தான். கயோட்டிக்கு இங்கே சீசன் கிடையாது, இத்தனைதான் என்ற கணக்கும் கிடையாது. ஆட்டைக் கடிக்க வந்ததைச் சுட உரிமமே தேவையில்லை என்று பெரியவர் சொன்னார், அது உண்மையும்கூட. இருந்தாலும் வாங்கிவிட்டேன். என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. வக்கீலைக் கேட்காமல் யாருடைய துப்பாக்கியையும் தொட்டுவிடாதீர்கள்.

துப்பாக்கி வாங்குவது நினைத்த அளவு பெரிய வேலையாக இல்லை. படிவம் நிரப்பினேன், பின்னணி சரிபார்த்தார்கள், கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துப் போடுகிற .223 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். இரண்டு சனிக்கிழமை சுடுதளத்தில் கழித்து குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை 100 கெஜத்துக்குச் சரிசெய்தேன். குறி தவறாமல் சுட வந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். வேட்டையில் சுடுவதுதான் ஆகச் சின்ன பங்கு என்று அப்போது தெரியாது.

ஜனவரியில் முதல் நாள். காரை மேட்டின் மேலேயே நிறுத்தி, கதவை அறைந்து சாத்தினேன். முடிந்தது அன்றைய வேட்டை. ஆனால் அது எனக்குத் தெரியாதே! மெஸ்கீட் மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். மெஸ்கீட் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் சீமைக் கருவேலத்துக்குச் சித்தப்பா பிள்ளை. முள்ளும் அதே முள்தான். கயோட்டியை வரவழைக்க, அடிபட்ட முயல் அலறுவது போன்ற சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டேன். பச்சைக் குழந்தை வீறிடுவது போல இருக்கும், முதல் தடவை கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது தடவை பெரியவரும் கூட வந்தார். காற்று பார்க்க ஒரு சின்ன டப்பாவில் பவுடர் கொண்டுபோயிருந்தேன். அழுத்தினால் புகை மாதிரி கிளம்பி, எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். மனுஷர் மூக்கைச் சுளித்தார். வீட்டிலிருந்த முகப் பவுடர் அது, மல்லிகை வாசனை! "அரை மைல் தூரத்துக்கு 'நான் வந்திருக்கிறேன்' என்று சொல்லி அனுப்புகிறாய்" என்று சிரித்தார். பிறகு உட்காரச் சொல்லித்தந்தார். காற்று முகத்தில் அடிக்க வேண்டும், அல்லது குறுக்கே வீச வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியை நாற்பது கெஜம் தள்ளி வைக்க வேண்டும். வருவது அதைப் பார்க்கும், நம்மைப் பார்க்காது. கயோட்டி நேராக வராது, சுற்றி வளைத்து, காற்று வீசிப் போகும் பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டுத்தான் நெருங்கும். அதனால் அந்தப் பக்கம் வெட்டவெளியாக இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் வரவில்லையா, எழுந்து வேறு இடம் பார்.

மூன்றாவது தடவை வந்தது. பத்தாவது நிமிடம், சப்பாத்திக் கள்ளிப் புதரிலிருந்து சாம்பல் நிறமாக எட்டிப்பார்த்தது. ஸ்கோப்பில் மீசை முடிகூடத் தெரிந்தது. அதன் பின்னால், தூரத்தில், ஆட்டுப் பட்டி. சுடவில்லை. குண்டு போய் நிற்க மண்மேடு இல்லாவிட்டால் விசையில் விரல் வைக்காதே என்று வகுப்பில் படித்தது அன்றைக்கு ஞாபகம் வந்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை. பட்டியில் பெரியவரின் வெள்ளைக் காவல் நாய் வேறு உலாத்திக்கொண்டிருந்தது.

நாலாவது தடவை, பிப்ரவரி முதல் வாரம். அது கயோட்டி இணைசேரும் காலம் என்பதால் முயல் சத்தத்தை விட்டுவிட்டுக் கயோட்டி ஊளையைப் போட்டோம். இடப்பக்கத்திலிருந்து ஓட்டமாக ஒன்று வந்தது. வால் தொங்கிக்கொண்டிருந்தது, நாயாக இருந்தால் ஓடும்போது தூக்கியிருக்கும். ஓடுவதை நிறுத்த வாயால் குரைக்கச் சொல்லியிருந்தார். என் வாயில் வந்தது "ஏய்!" என்பதுதான். நின்றது. பின்னால் மண்மேடு. சுட்டேன்.

கிட்டப் போனபோது எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நாட்டு நாய் அளவுதான், பதினாலு கிலோ இருக்கும். கையுறை போடாமல் தொடவிடவில்லை பெரியவர். தெற்கு டெக்சஸில் 1988இல் கயோட்டிகளிடம் வெறிநாய்க்கடி நோய் பரவி, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரையைப் போட்டுத்தான் அடக்கினார்கள். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் தனி. தோலை அவர் உரித்துக்கொண்டார். ஒன்றைச் சுட்டால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடும் என்று அவரே சொன்னார். நூறு வருஷத்துக்கு மேலாகச் சுட்டும் நஞ்சு வைத்தும் குறையாமல், நியூயார்க் பூங்கா வரை பரவியிருக்கிற பிராணி. பட்டிப் பக்கம் வந்து பழகியதை மட்டும் எடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியென்றே பட்டது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வாளி தண்ணீர். துணியை கராஜிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வா என்றாள் மனைவி, சாவு வீட்டுக்குப் போய் வந்தவனிடம் சொல்வது மாதிரி. அப்புறம்தான் கேட்டாள்: "பொங்கலுக்கும் கறி எடுக்காம விட்டோமே, அவர்கிட்ட இப்பவாவது குட்டி இருக்கா?"